கண்ணாடிக்குக் குலம் பார்க்கும் படிப்பாளிகள்

ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்குத் தொலைநோக்கி வாங்க நிதி கிடைக்கிறது. அடுத்த நிதி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. மார்ச் முடிவதற்குள் செலவுக் கணக்கைக் காட்டியாக வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் கோரப்படுகின்றன. கோரும் ஆவணத்தில், வில்லையின் விட்டம் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையாமல், உருப்பெருக்கம் இத்தனை மடங்குக்குக் குறையாமல் என்று இரண்டு வரிகள் இருக்கும். எதைப் படம் எடுக்கப்போகிறார்கள், எந்தக் கேமராவால், எந்த வானத்தின் கீழ், எதன்மேல் நிறுத்தி என்பவற்றுக்கு ஒரு வரியும் இராது. மிகக் குறைந்த விலை சொன்னவர் பெரிய பெட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போகிறார். திறப்பு விழாவன்று நிலவின் பள்ளங்களை முதல்வர் பார்க்கிறார், துறைத்தலைவர் பார்க்கிறார், நாளிதழுக்குப் படம் எடுக்கப்படுகிறது. அதன்பின் மாணவர் சிலர் அதில் கேமராவைப் பொருத்தி ஓரியன் நெபுலாவை எடுக்க முயல்கிறார்கள். விண்மீன்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக விழுகின்றன. ஒளிமிக்க விண்மீன் ஒவ்வொன்றையும் சுற்றி ஊதா வளையம். மூன்றாம் இரவோடு முயற்சி நின்றுபோகிறது. தொலைநோக்கி பீரோவுக்குள் போகிறது. பீரோவின் சாவி ஆய்வக உதவியாளரின் மேசைக்குள் போகிறது.

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று பிறகு துறைக்கூட்டத்தில் சொல்லப்படும். அது உண்மையன்று. ஆர்வம் இருந்தது. பொருத்தமற்ற கருவி அதைக் கொன்றது. அக்கருவியைத் தேர்ந்தவர்கள் ஒளியியல் படித்தவர்கள், சிலர் அதையே கற்பிப்பவர்கள் என்பதுதான் வேதனை. வகுப்பறையில் குவியத்தூரத்துக்கும் பிம்பத்தின் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கரும்பலகையில் வருவித்துக் காட்டும் ஆசிரியர், கடைக்குப் போனதும் அந்தச் சமன்பாட்டை மறந்து, பெரியது சிறந்தது என்ற சந்தை நியாயத்துக்குப் பணிந்துவிடுகிறார்.

பெரியது சிறந்தது என்பது கண்ணால் பார்ப்பதற்கு ஓரளவு மெய். கண் தன் ஒளியைச் சேமித்து வைக்காது; கணத்துக்குக் கணம் வருவதை மட்டுமே அது காண்கிறது. ஆகவே கண்ணுக்கு அகன்ற வில்லை வேண்டும், அகன்ற ஆடி வேண்டும். ஒளிப்படத் தட்டும் சென்சாரும் அப்படியல்ல. அவை மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். சேர்த்து வைக்கத் தெரிந்த ஒன்றின்முன் விட்டத்தின் ஆட்சி பாதியாகக் குறைந்துவிடுகிறது. இது இன்றைய கண்டுபிடிப்பன்று, நூற்றுமுப்பது ஆண்டுப் பழமை உடையது.

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 1888-இல் நிறுவப்பட்ட 36 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி அன்று உலகிலேயே பெரியது. அங்கே பணிபுரிந்த எட்வர்ட் எமர்சன் பார்னார்டு, சிறுவனாக நாஷ்வில் நகரத்து ஒளிப்பட நிலையம் ஒன்றில் வேலை பார்த்து வளர்ந்தவர். 1892 செப்டம்பரில் அந்தப் பெருங்கருவியில் கண்ணை வைத்துத்தான் அவர் வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டார். ஆனால் பால்வழியின் கருமுகில்களையும் விண்மீன் முகில்களையும் படம்பிடிக்க அவர் 36 அங்குலத்தை நாடவில்லை. 1889 முதல் அவர் அதற்குப் பயன்படுத்தியது, மனிதர்களின் உருவப்படம் எடுப்பதற்கென்று செய்யப்பட்ட, ஏறத்தாழ 6 அங்குல விட்டமுள்ள ஒரு பழைய வில்லார்டு வில்லை. அந்தச் சிறு வில்லையை வழிகாட்டித் தொலைநோக்கி ஒன்றோடு கட்டி, மணிக்கணக்கில் தன் கையாலேயே விண்மீனைப் பின்தொடர்ந்து தட்டுகளை ஒளிபடச் செய்தார். 1892 அக்டோபரில் அதே வில்லை எடுத்த தட்டில் ஒரு வால்மீனையும் கண்டுபிடித்தார். ஒரே மனிதர், ஒரே மலை, ஒரு மாத இடைவெளி. கண்ணுக்கு 36 அங்குலம், தட்டுக்கு 6 அங்குலம். பின்னர் யெர்கீஸ் வானாய்வகத்துக்குப் போனபோதும், 40 அங்குலக் கருவி அருகிலேயே இருக்க, பால்வழிப் படங்களுக்கு அவர் கேட்டுப் பெற்றது 10 அங்குல புரூஸ் ஒளிப்படத் தொலைநோக்கியைத்தான்.

இந்திய உதாரணம் வேண்டுவோருக்கு ஐதராபாத் நிஜாமியா வானாய்வகம் இருக்கிறது. நவாப் ஜாஃபர் ஜங் தொடங்கிவைத்த அந்நிறுவனத்தில் 15 அங்குல கிரப் ஒளிவிலகல் தொலைநோக்கியும் இருந்தது, 8 அங்குல குக் ஒளிப்படத் தொலைநோக்கியும் இருந்தது. வானம் முழுவதையும் படத்தட்டுகளில் பதிந்து விண்மீன் அட்டவணை செய்யும் பன்னாட்டுப் பெருந்திட்டத்தில் ஐதராபாத் தனக்குரிய வான்பட்டைகளை அளந்து கொடுத்தது அந்த 8 அங்குலக் கருவியைக் கொண்டுதான். அத்திட்டத்தை 1887-இல் பாரிசில் கூடி வகுத்தவர்கள் முதலில் முடிவு செய்தது எவ்வளவு உருப்பெருக்கம் என்பதை அல்ல. தட்டில் ஒரு மில்லிமீட்டர் வானத்தில் ஏறத்தாழ 60 விகலையைக் குறிக்க வேண்டும் என்ற அளவுகோலை அவர்கள் வகுத்தார்கள். விகலை என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு. படத்தின் அளவுகோல் முதலில், அதற்கேற்ற குவியத்தூரம் பிறகு. இந்த மண்ணிலேயே ஒரு தலைமுறை அந்த ஒழுங்கில் உழைத்திருக்கிறது. அதன் பேரப்பிள்ளைகள் உருப்பெருக்கம் கேட்டு விலைப்புள்ளி கோருகிறார்கள்!

அளவுகோலைக் கணிக்கப் பள்ளிக் கணக்கு போதும். கேமராவின் பிக்சல் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதனால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலை என்பது கிடைக்கும். இன்று வானொளிப்படக் கேமராக்களில் பரவலாக உள்ள 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலை 400 மி.மீ. குவியத்தூரத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 1.9 விகலை. அதையே 1,000 மி.மீ. குவியத்தூரத்தில் வைத்தால் 0.8 விகலை. இரண்டாவது எண் நுட்பமானது போலத் தோன்றும். ஆனால் நகர மாடிகளின் மேல் காற்று விண்மீனின் பிம்பத்தை 3 விகலை, 4 விகலை அளவுக்குக் கலக்கிவிடுகிறது. கலங்கிய பிம்பத்தை 0.8 விகலைத் துண்டுகளாக வெட்டுவதால் புதிய நுட்பம் எதுவும் கிடைக்காது. அதே ஒளி அதிகப் பிக்சல்களில் சிதறி ஒவ்வொரு பிக்சலும் பட்டினி கிடப்பதுதான் மிச்சம்.

பார்வைப்புலத்தையும் இதே கணக்கு சொல்லிவிடும். 23.5 மி.மீ. அகலமுள்ள சென்சார் 400 மி.மீ. குவியத்தூரத்தில் 3.4 பாகை அகல வானத்தைப் பிடிக்கும். ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் அதனுள் அடங்கும். கார்த்திகைக் கூட்டம் தன் நீலத் துகள்முகிலோடு அடங்கும். வட அமெரிக்க நெபுலா அடங்கும். 1,000 மி.மீ. குவியத்தூரத்தில் அதே சென்சார் பிடிப்பது 1.35 பாகை. ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதி மட்டும் வரும், கார்த்திகையில் பாதி வரும். வானத்தின் அழகான பெரும்பொருள்கள் பலவும் நிலவைவிடப் பன்மடங்கு அகன்றவை. அவை மங்கலாக இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறியவையாக இருப்பதால் அல்ல. உருப்பெருக்கம் என்ற சொல் இங்கே முற்றிலும் பொருளற்றது என்பதை இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஏற்கவில்லையென்றால் அவரோடு வாதாடிப் பயனில்லை.

இனிக் கோடுகளாக விழுந்த விண்மீன்களுக்கு வரலாம். வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஐந்து நிமிடப் படம் எடுக்கும் கருவி, அந்த ஐந்து நிமிடமும் அந்த வேகத்தோடு ஒன்றி நகர்ந்து, ஒரு விகலை அளவுக்கு மேல் பிசகாமல் இருக்க வேண்டும். அந்தப் பணி தொலைநோக்கிக் குழலுக்கு உரியதன்று, அதைத் தாங்கிச் சுழலும் ஈக்குவடோரியல் மவுண்டுக்கு உரியது. நடுத்தர விலை மவுண்டுகளின் பற்சக்கரங்களில்கூட சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் பிசகு பத்து இருபது விகலை இருக்கும். துணைக்கேமரா ஒன்று விண்மீனைப் பார்த்துக்கொண்டே நொடிக்கு நொடி அதைத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் பிடிக்க வேண்டுமானால் மவுண்டின் மேல் சுமை குறைவாக இருக்க வேண்டும். குறிப்பேட்டில் சொல்லப்பட்ட தாங்கும் எடையில் பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது இத்துறையில் கைவைத்தவர்கள் யாவரும் அறிந்த நடைமுறை. நீளமான குழல் காற்றுக்குப் பாய்மரம் ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிகள் செய்வது இதற்கு நேர்எதிர். நிதியில் பெரும்பகுதி குழலுக்குப் போகிறது. மீதிக்கு அந்தக் குழலோடு இலவச இணைப்புபோல வரும் மெலிந்த முக்காலி. அதன்மேல் 102 மி.மீ. விட்டமும் 1,000 மி.மீ. நீளமும் உள்ள குழலை ஏற்றி, பிசகு தெரியாமல் படம் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பந்தற்கால் ஊன்றாமல் பந்தல் போடும் வேலை இது. நிதியைப் பங்கிடும்போது மவுண்டுக்குப் பாதியும் அதற்கு மேலும் ஒதுக்கி, மிச்சத்தில் குழலையும் கேமராவையும் பார்ப்பதே முறை. குழலைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். நல்ல மவுண்டு மூன்று நான்கு குழல்களின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

இந்த இடத்தில் எழக்கூடிய மறுப்பு ஒன்று நியாயமானது. சிறிய வில்லை சேர்க்கும் ஒளியும் சிறிதுதானே? 60 மி.மீ. வில்லையைவிட 150 மி.மீ. வில்லை 6.25 மடங்கு ஒளி சேர்க்கிறது. அதை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டியதில்லை. அதற்கு எதிராகத் தராசின் மறுதட்டில் வானத்தை வைக்க வேண்டும். பெருநகரொன்றின் நடுவில் வானத்தின் பின்னணி ஒளி சதுர விகலைக்கு 18 அலகு ஒளிப்பரிமாணம் என்றும், ஊர்வெளிச்சம் எட்டாத மலைப்புறத்தில் 21.5 என்றும் கொள்ளலாம். அந்த மூன்றரை அலகு வேறுபாடு 25 மடங்குக்குச் சமம். விண்மீன் திரள், துகள்முகில் போன்ற மங்கிய அகன்ற பொருளைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க நகரத்தில் 25 மணி நேரம் ஆகுமென்றால் அங்கே ஒரு மணி நேரம் போதும். ஆக, நகர மாடியில் நிற்கும் 150 மி.மீ. கருவியை இருண்ட வானத்தின் கீழ் நிற்கும் 60 மி.மீ. கருவி நான்கு மடங்கு வேகத்தில் வெல்கிறது. குறுகிய அலைநீளங்களை மட்டும் விடும் ஃபில்டர்கள் ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு நகரத்தில் கைகொடுக்கும். விண்மீன் திரள்களுக்கும் துகள்முகில்களுக்கும் அவை உதவா.

இந்தக் கணக்கின் விடை எடைத்தராசில் இருக்கிறது. 60, 70 மி.மீ. விட்டமுள்ள ஒளிவிலகல் குழல் இரண்டு மூன்று கிலோ எடை. ஒரு சிறிய மவுண்டோடும் கேமராவோடும் மின்கலத்தோடும் சேர்த்து இரண்டு மாணவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறலாம், இரயிலில் இருக்கைக்கு அடியில் வைக்கலாம். கட்ச் வெளிக்குப் போகலாம், ஸ்பிதிக்குப் போகலாம், 2022-இல் வானிருள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேவுக்கும் போகலாம். பக்கத்து மாவட்டத்துக் குன்றடிக் கிராமப் பள்ளியின் மைதானத்துக்குப் போனாலே பாதி வெற்றி. 150 மி.மீ. ஒளிவிலகல் குழலும் அதைத் தாங்கும் மவுண்டும் லாரி கேட்கும். லாரி கேட்கும் கருவி கல்லூரி மாடியை விட்டு இறங்காது. கல்லூரி மாடியின் மேல் இருப்பதோ நெடுஞ்சாலை எல்.இ.டி. விளக்குகளின் வெண்புகை மூட்டம்.

துறைகளின் பாவம் விட்டம் என்றால், ஆய்வு மாணவர்களின் பாவம் வேறு. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர் ஒருவர், விடுதி வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சியதை ஓராண்டு சேர்த்து ஒரு குழல் வாங்குகிறார். அவருக்கு வழிகாட்டும் மூத்த மாணவர்கள் கேட்கும் முதற்கேள்வி: என்ன கண்ணாடி? எஃப்.பி.எல்-53 என்றால் தலையசைப்பு. எஃப்.பி.எல்-51 என்றால் உதட்டுப் பிதுக்கல். மூன்று வில்லை என்றால் எழுந்து மரியாதை, இரண்டு வில்லை என்றால் ஓரத்தில் உட்காரச் சொல்வது. கண்ணாடிக்குக் குலம் பார்க்கும் வழக்கம் இது. அறிவியல் படித்தவர்களிடம் இது நிலவுவதற்கு, பிற இடங்களில் குலம் பார்த்துப் பழகிய தேசப் பழக்கம் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நிறப்பிறழ்ச்சி உண்மையான குறை, கற்பனையன்று. எளிய இரட்டை வில்லை சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் குவிக்கும். ஊதாவை வேறிடத்தில் விட்டுவிடும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. 430 நானோமீட்டர் அலைநீளத்தில் மனிதக் கண்ணின் உணர்திறன் அதன் உச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே. சென்சார் அந்த ஊதாவைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். முதலில் சொன்ன ஊதா வளையங்கள் அங்கிருந்து வந்தவை. ஆகவே ஒளிப்படத்துக்குக் குறைசிதறல் கண்ணாடி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒளியின் நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடியின் அபே எண் உயர்ந்திருக்கும். சாதாரணக் கிரவுன் கண்ணாடிக்கு 64, எஃப்.பி.எல்-51-க்கு ஏறத்தாழ 82, ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்-53-க்கும் ஹோயாவின் எஃப்.சி.டி-100-க்கும் ஏறத்தாழ 95. எண்கள் மெய். எண்களிலிருந்து இழுக்கப்படும் முடிவுதான் பொய்.

ஒரு வில்லைத்தொகுதியின் தரம் அதிலுள்ள ஒரு கண்ணாடியின் எண்ணால் அமைவதில்லை. அதன் இணைக் கண்ணாடி எது, வளைவுகள் எவ்வளவு துல்லியமாகத் தேய்க்கப்பட்டன, வில்லைகள் ஒரே அச்சில் அமர்ந்துள்ளனவா, குவிய விகிதம் எவ்வளவு என்பவற்றால் அமைகிறது. எஃப்/7 விகிதத்தில் நன்றாகச் செய்த எஃப்.பி.எல்-51 இரட்டை வில்லை, எஃப்/5 விகிதத்தில் அவசரமாகச் செய்த எஃப்.பி.எல்-53 குழலைவிடச் சுத்தமான நீலத்தைத் தரக்கூடும். மூன்று வில்லைக் குழலுக்கு எடையும் அதிகம், சூடு தணிய நேரமும் அதிகம், பயணத்தில் அச்சு விலகினால் சீர்செய்ய ஆள் கிடைப்பதும் அரிது. ஏபோ என்று குழலின் மேல் பொறிப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. எர்ன்ஸ்ட் அபே நுண்ணோக்கிகளுக்காக அந்தச் சொல்லை வகுத்தபோது, மூன்று நிறங்கள் ஓரிடத்தில் குவிய வேண்டும், அவற்றுள் இரண்டுக்குக் கோளப்பிறழ்ச்சியும் நீங்க வேண்டும் என்று கறாராக வரையறுத்தார். இன்றைய தொலைநோக்கிச் சந்தையில் அது விளம்பரச் சொல்.

விற்பவரிடம் கண்ணாடியின் பெயரைக் கேட்பதைவிட, அந்தக் குழலால் எடுத்த, ஓரங்கள் வெட்டப்படாத, திருத்தப்படாத ஒரே ஒரு படத்தின் மூலக்கோப்பைக் கேட்பது மேல். அதன் நீல அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தால் குலம் கோத்திரம் எல்லாம் வெளிப்பட்டுவிடும். நான்கு மூலைகளில் உள்ள விண்மீன்கள் இன்னும் அதிகம் பேசும். ஒளிவிலகல் தொலைநோக்கியின் குவியத்தளம் இயல்பிலேயே கிண்ணம்போல் வளைந்தது, சென்சாரோ தட்டையானது. நடுவில் கூர்மையாக இருந்தால் மூலையில் விண்மீன்கள் இறகுகளாக நீளும். இதைச் சரிசெய்ய ஃபீல்டு ஃபிளாட்னர் என்னும் துணைவில்லை வேண்டும். அதற்கும் சென்சாருக்கும் இடையே பெரும்பாலும் 55 மி.மீ. தூரம் என்று சொல்லப்படும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மூலைகள் காட்டிக்கொடுக்கும். எத்தனையோ மாணவர்கள் உயர்குலக் கண்ணாடி வாங்கிய களிப்பில் ஃபிளாட்னரை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட்டு, அந்த ஓராண்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஓரம் வெட்டி வெளியிடுகிறார்கள். தட்டைத்தளத்தைக் குழலுக்குள்ளேயே அமைத்துத் தரும் பெட்ஸ்வால் வகைக் குழல்கள் இப்போது உண்டு. வில்லியம் ஆப்டிக்ஸின் ரெட்கேட் 51 குழல் 250 மி.மீ., எஃப்/4.9. அஸ்கார் எஃப்.ஆர்.ஏ.400 குழல் 72 மி.மீ. விட்டம், 400 மி.மீ., எஃப்/5.6. தொடக்கநிலை மாணவருக்கு இவ்வகையின் வசதி எந்தக் கண்ணாடி எண்ணையும்விடப் பெரிது.

ஃபோகசரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எஃப்/5 குழலில் கூர்மை நிற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கேமராவின் எடையில் மெல்ல வழுக்கும் ஃபோகசர் இருந்தால், முன்னால் வைரத்தையே வில்லையாகப் பதித்தாலும் பயனில்லை.

ஆடித் தொலைநோக்கியாளர்கள் இங்கே இடைமறிப்பார்கள். ஒரு ரூபாய்க்கு அதிக விட்டம் தருவது ஆடிதான். புணேயிலும் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் தன் கையால் ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்த அமெச்சூர் மரபு பெருமைக்குரியது. வியாழனையும் சனியையும் செவ்வாயையும் படம் எடுப்பதே நோக்கம் என்றால் நீண்ட குவியத்தூரமுள்ள ஆடிக்கருவியோடு சிறு ஒளிவிலகல் குழல் போட்டியிடவே முடியாது. அங்கே விட்டமே வேந்தன். பொதுமக்களுக்கு வானம் காட்டும் இரவுகளுக்கும் 8 அங்குல டாப்சோனியன் போதும், அதுவே சிறந்ததும்கூட. துறை அதையும் தனியாக ஒன்று வாங்கட்டும். ஒரே குழல் சனியையும் காட்டி ஆண்ட்ரோமீடாவையும் எடுத்துத் தர வேண்டும் என்று கேட்பதுதான் தவறு. இரண்டையும் செய்வதாகச் சொல்லும் கருவி இரண்டையும் அரைகுறையாகவே செய்யும். அகன்ற வானத்தைப் படம் எடுக்கப் புகும் மாணவனுக்குக் குறுங்குவிய நியூட்டோனியன் ஆடி வைக்கும் தேர்வுகளோ பல: ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அச்சுச் சீரமைப்பு, கோமா திருத்தி, காற்றில் ஆடும் அகன்ற குழல். ஒளிவிலகல் குழல் பெட்டியிலிருந்து எடுத்த நிமிடத்தில் வேலைக்குத் தயார். வாரத்தில் ஒரே இரவு ஓய்வு கிடைக்கும் ஆய்வாளருக்கு அந்த நிமிடங்களின் விலை அதிகம்.

சிறு வில்லைகள் விளையாட்டுப் பொருள்கள், அவற்றால் அறிவியல் நடக்காது என்று கைகழுவும் பேராசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். பீட்டர் வான் டோக்கமும் ராபர்ட்டோ ஆபிரகாமும் அமைத்த டிராகன்ஃபிளை கருவி, கடையில் கிடைக்கும் கேனான் 400 மி.மீ. எஃப்/2.8 டெலிஃபோட்டோ வில்லைகளைக் கட்டுக்கட்டாக ஒன்றுசேர்த்தது. ஒவ்வொரு வில்லையின் விட்டமும் 143 மி.மீ. மட்டுமே. 2015-இல் அது கோமா கொத்தின் திசையில் 47 மிகமங்கிய பரவல் விண்மீன் திரள்களை அறிவித்தது. ஒளியின் பாதையில் குறுக்கே துணையாடியோ அதைத் தாங்கும் கம்பிகளோ இல்லாத வில்லைகளில் சிதறல் ஒளி குறைவு என்பதால், திட்டமிட்டே அவர்கள் ஆடியை விடுத்து வில்லையைத் தேர்ந்தார்கள்.

இரண்டாவது செய்தி ஆண்ட்ரோமீடாவைப் பற்றியது. உலகில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட விண்மீன் திரள் அதுதான். அதன் அருகே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை நீளமுள்ள ஆக்சிஜன் ஒளிவில் ஒன்று மங்கி ஒளிர்ந்துகொண்டிருந்ததை எந்தப் பெருங்கருவியும் கண்டிருக்கவில்லை. அதைக் கண்டவர்கள் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செயின்ட்டி என்ற மூன்று அமெச்சூர்கள். தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். கருவி: 106 மி.மீ. டகாஹாஷி ஒளிவிலகல் குழல், 382 மி.மீ. குவியத்தூரத்தில். மவுண்டு: இந்திய அமெச்சூர்களும் நன்கறிந்த ஸ்கைவாட்சர் ஈ.க்யூ.6-ஆர். பிக்சல் அளவுகோல், மேலே சொன்ன வாய்பாட்டின்படி, 2 விகலை. ஒளிபட்ட நேரம் 111 மணி. டகாஹாஷி விலையுயர்ந்த குழல், உயர்குலக் கண்ணாடி என்று யாரேனும் குதிக்கக்கூடும். அதே குழலை வைத்திருப்போர் உலகெங்கும் ஏராளம். அவர்கள் கண்ணுக்குப் படாதது இவர்கள் கண்ணுக்குப் பட்டதற்குக் காரணம், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரும், தேய்ந்துபோன திசை என்று விலகாத பொறுமையும், அந்த 111 மணியும் பிசகாமல் சுழன்ற மவுண்டும்.

111 மணி நேரம் என்பது பருவமழை நாட்டில் எளிதன்று. சூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதியில் வானமே கிடையாது. நிலவில்லாத, மேகமில்லாத, மறுநாள் வகுப்பில்லாத இரவுகளை எண்ணினால் ஆண்டுக்கு முப்பது தேறுவதே கடினம். ஒளிவிலகல் குழலைத் தேர்வோர் அந்த முப்பதை முன்வைத்துத் தேர வேண்டும். கடலோர ஊர்களில் நள்ளிரவுக்கு மேல் முன்வில்லையில் பனிநீர் படியும். பனிநீர் விரட்டும் சூட்டுப்பட்டை, சில ஆயிரம் ரூபாய்ப் பொருள், விலைப்பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. மழைமாதங்களில் பெட்டிக்குள் பூட்டிவைத்த வில்லையில் பூஞ்சை வேர்விடும். பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் வைப்பதும், மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும் போதும். பீரோவுக்குள் உறங்கிய பல தொலைநோக்கிகளின் கதி என்னவென்று அறிய, அவற்றின் முன்மூடியைக் கழற்றிக் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் தெரியும்.

அடுத்த நிதி வரும்போது கேட்பு ஆவணத்தில் உருப்பெருக்கம் என்ற வரி நீக்கப்பட வேண்டும். மவுண்டின் தாங்குதிறன், துணைக்கேமராவோடு திருத்தியபின் எஞ்சும் பிசகின் மேல்வரம்பு, இவை முதல் வரியில் வரட்டும். குழல் 60 முதல் 80 மி.மீ. விட்டம், 350 முதல் 500 மி.மீ. குவியத்தூரம், துறையிடம் உள்ள சென்சாரின் மூலைவரை தட்டையான பிம்பம் என்பது இரண்டாம் வரி. கண்ணாடியின் பெயரைக் கேட்க வேண்டாம். விலைப்புள்ளியோடு வெட்டாத மாதிரிப் படக்கோப்பு ஒன்றைக் கேட்கலாம். ஃபிளாட்னர், சூட்டுப்பட்டை, மின்கலம், ஈரம்புகாப் பெட்டி ஆகியவை அதே ஆவணத்தில் அதே நிதியில் வரவேண்டும். பிறகு வாங்கலாம் என்பது எந்தக் கல்லூரியிலும் நடந்ததில்லை. பீரோவின் சாவி மாணவர் வானியல் மன்றத்தின் செயலாளரிடம் இருக்கட்டும். கையெழுத்திட்டு வெள்ளி மாலை எடுத்துக்கொண்டு போய், திங்கள் காலை திருப்பி வைக்கலாம்.